ஸ்பார்ட்டாவின் பிள்ளைகளும் ஹெலட்டுகளின் பிள்ளைகளும்

(கொச்சி வல்லார்பாடத்தில் தமிழ்த் தொழிலாளர் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய வகுப்புக்கு ‘பண்டைய அடிமைச் சமுதாயம்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். வழக்கமாக இத்தலைப்பை உற்பத்திக் கருவிகள், உற்பத்தி உறவுகள், உபரி என்ற வரிசையில் தொடங்குவோம். இன்று குழந்தை வளர்ப்பிலிருந்து தொடங்க விரும்புகிறேன். ஒரு சமுதாயத்தின் ஆளும் வர்க்கம் தன் பிள்ளைகளை எப்படி வளர்க்கிறது என்று பார்த்தால், அது யாரைக் கண்டு அஞ்சுகிறது என்பது தெரிந்துவிடும்.

ஸ்பார்ட்டா என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உடற்பயிற்சிக் கூடங்களின் பெயர்ப் பலகையில் இருக்கிறது. 2006-இல் வெளிவந்த ‘300’ என்ற படத்தை இங்குள்ள இளைஞர்கள் பலர் பார்த்திருக்கக்கூடும். கி.மு. 480-இல் தெர்மோப்பிலே கணவாயில் பாரசீகப் பெரும்படையை முந்நூறு வீரர்கள் எதிர்த்து நின்று மாண்ட கதை. அந்தப் போர்க்களத்தில் ஹெலட்டுகளும் செத்துக் கிடந்தார்கள் என்று பழைய வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் குறிப்பிடுகிறார். படத்தில் அவர்களுக்கு இடமில்லை. ஹெலட்டுகள் யார் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த முந்நூறு பேரும் எப்படி வளர்க்கப்பட்டவர்கள் என்று பார்ப்போம்.

நமக்குக் கிடைக்கும் விவரங்களில் பெரும்பகுதி புளூட்டார்க் எழுதியவை. அவர் ஸ்பார்ட்டாவின் பொற்காலத்துக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வாழ்ந்தவர். ஆகவே சற்று எச்சரிக்கையோடு கேளுங்கள். பிறந்த குழந்தையைத் தந்தை தன் விருப்பப்படி வளர்க்க முடியாது. குலத்தின் மூத்தோர் குழந்தையைப் பார்வையிடுவார்கள். திடமாக இருந்தால் வளர்க்கலாம். நோஞ்சானாக இருந்தால் தைகெட்டஸ் மலையடிவாரப் பள்ளத்தில் விட்டுவிட வேண்டும். அந்த மலைப்பகுதியில் ஒரு பள்ளத்தை ஆராய்ந்தவர்களுக்கு வளர்ந்தவர்களின் எலும்புகள் கிடைத்தனவே தவிர, பச்சிளங்குழந்தைகளின் எலும்புகள் கிடைக்கவில்லை. எனவே இந்தச் செய்தி எவ்வளவு தூரம் உண்மை என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

ஏழு வயதில் நடந்ததைப் பற்றி அத்தகைய ஐயம் இல்லை. ஏழு வயது நிரம்பிய ஆண்பிள்ளை தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, அரசு நடத்தும் கூட்டத்தில் சேர்க்கப்பட்டான். காலில் செருப்பில்லை. ஆண்டுக்கு ஒரே ஒரு மேலாடை. யூரோட்டாஸ் ஆற்றங்கரையில் வளரும் நாணலைக் கையாலேயே ஒடித்துத் தன் படுக்கையைத் தானே செய்துகொள்ள வேண்டும். உணவு வேண்டுமென்றே அரைவயிற்றுக்குத்தான் கொடுக்கப்பட்டது. மீதியைத் திருடிக்கொள்ளலாம். அகப்பட்டால் சவுக்கடி. அடி திருடியதற்காக அல்ல, அகப்பட்டதற்காக. இருபது வயதில் படைவீரன். மணமானாலும் முப்பது வயதுவரை மனைவியோடு வீட்டில் தங்க முடியாது. பெண்பிள்ளைகளுக்கும் ஓட்டமும் மல்யுத்தமும் கற்றுக்கொடுக்கப்பட்டன. ஏதென்ஸ் நகரப் பெண்களைவிட அவர்களுக்கு வெளியில் நடமாடும் உரிமை மிகுதி. ஆனால் அதன் நோக்கம் வலுவான வீரர்களைப் பெற்றுத் தருவதே என்பதை அவர்கள் மறைக்கவே இல்லை.

ஆர்த்தெமிஸ் தேவதையின் பலிபீடத்தின் முன் சிறுவர்களைச் சவுக்கால் அடிக்கும் சடங்கு ஒன்றும் இருந்தது. பின்னாளில், ரோமாபுரியின் ஆட்சிக்காலத்தில், ஸ்பார்ட்டாவுக்குப் படையும் இல்லை, போரும் இல்லை. அப்போதும் அந்தச் சடங்கு நின்றுவிடவில்லை. அதைக் காண வெளியூரார் வந்தார்கள். அவர்கள் உட்கார்ந்து பார்ப்பதற்குக் கோயிலைச் சுற்றிக் கல்லிருக்கைகள் கட்டினார்கள். ஆட்சி போன பிறகு பிள்ளைகளின் முதுகு சுற்றுலாக் காட்சியாக மிஞ்சியது.

இவ்வளவு கொடுமையை ஒரு சமுதாயம் தன் சொந்தப் பிள்ளைகளுக்கே ஏன் இழைத்தது? வீர மரபு, நாட்டுப்பற்று என்று பள்ளிப் பாடநூல் சொல்லும். ஒரு கணக்கைப் பாருங்கள். கி.மு. 479-இல் பிளாட்டியா போருக்கு ஸ்பார்ட்டாவிலிருந்து சென்ற முழு உரிமைக் குடிமக்கள் 5,000 பேர். அவர்கள் ஒவ்வொருவருடனும் ஏழு ஹெலட்டுகள், ஆக 35,000 பேர் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம். விகிதம் எப்படி இருந்தது என்பது போதும். ஸ்பார்ட்டாவின் குடிமகன் உழ மாட்டான், நெய்ய மாட்டான், வணிகம் செய்ய மாட்டான். லக்கோனியாவிலும் மெஸ்ஸேனியாவிலும் நிலத்தோடு கட்டப்பட்டிருந்த ஹெலட்டுகள் விளைவித்துக் கொடுத்ததை உண்டுதான் அவன் வீரனாக இருந்தான். விளைவித்தவர்கள் பன்மடங்கு, உண்பவர்கள் ஒரு பிடி. அந்த ஒரு பிடி ஆட்கள் இரவில் நிம்மதியாக உறங்க வேண்டுமானால், ஏழு வயதிலேயே பிள்ளையைப் படைவீட்டில் சேர்த்தாக வேண்டும். அவர்களின் வாள் பாரசீகத்தை நோக்கி நீண்ட நாட்கள் சில; சொந்த வயல்களை நோக்கி நீண்ட நாட்கள் எல்லாம்.

ஆண்டுதோறும் பதவியேற்கும் மேலதிகாரிகள் முதல் வேலையாக ஹெலட்டுகள்மீது முறைப்படி போர் அறிவிப்பார்கள். போர் என்று அறிவித்துவிட்டால் கொலை பாவமாகாது. பயிற்சியில் தேறிய இளைஞர்களைக் குறுவாளோடு நாட்டுப்புறத்துக்கு அனுப்புவார்கள். பகலில் ஒளிந்திருந்து, இரவில் கண்ணில் பட்ட ஹெலட்டைக் கொல்வது. வயலில் வலுவாக நிற்பவனைப் பார்த்துக் கொல்வது. இதற்குக் கிரிப்டியா என்று பெயர். ஹெலட்டுகளுக்குத் தண்ணீர் கலக்காத மதுவை ஊற்றிக்கொடுத்து, தள்ளாட வைத்து, ‘குடித்தால் இப்படித்தான் ஆவாய்’ என்று சிறுவர்களுக்குக் காட்டுவதும் அவர்களது பாடத்திட்டத்தில் இருந்தது. அடுத்தவனின் இழிவு அவர்களுக்குப் பாடப்புத்தகம்.

துசிடிடிஸ் எழுதிய ஒரு செய்தியை மட்டும் நிறுத்திச் சொல்கிறேன். ஏதென்ஸோடு நடந்த நீண்ட போரின்போது ஓர் அறிவிப்பு வந்தது. போர்க்களத்தில் எங்களுக்காகச் சிறப்பாகப் பாடுபட்ட ஹெலட்டுகள் முன்வரலாம், அவர்களுக்கு விடுதலை. சுமார் 2,000 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். தலையில் மாலை சூடி, விடுதலை பெற்ற மகிழ்ச்சியில் கோயில்களை வலம் வந்தார்கள். சில நாட்களில் அவர்கள் அனைவரும் காணாமற் போனார்கள். எவன் எப்படிச் செத்தான் என்பது எவருக்கும் தெரியவில்லை. விடுதலையை முதலில் கேட்கத் துணிபவன்தான் முதலில் கிளர்ந்தெழுவான் என்று ஆண்டைகள் கணக்கிட்டிருந்தார்கள். அந்த 2,000 பேருக்கும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அவர்களை யார் வளர்த்தார்கள், அவர்களின் தாய் என்ன சொல்லித் தூங்க வைத்தாள் என்பதைப் பற்றிக் கிரேக்க ஏடுகளில் ஒரு வரி இல்லை. ஸ்பார்ட்டாவின் பிள்ளைகளைப் பற்றி ஏடு ஏடாக எழுதியவர்களுக்கு அது கேட்கத் தோன்றவில்லை.

கி.மு. 371-இல் லியூக்ட்ரா போரில் களமிறங்கிய முழுக் குடிமக்கள் 700 பேர். அவர்களில் 400 பேர் மாண்டனர். பொதுப் பந்தியில் உண்பதற்குத் தன் பங்கைக் கொடுக்க முடியாத ஏழைக் குடிமகன் குடியுரிமையை இழப்பான். நிலம் சிலர் கையில் குவியக் குவிய, வீரர்களின் எண்ணிக்கை தேய்ந்தது. தோல்விக்கு அடுத்த ஆண்டுகளிலேயே மெஸ்ஸேனியாவின் ஹெலட்டுகள் விடுதலை பெற்றுத் தங்கள் நகரைக் கட்டிக்கொண்டார்கள். பிள்ளைகளைப் போருக்கு மட்டும் வளர்த்து விலங்குகளைப் போல் ஆக்கிவிட்டார்கள் என்று அரிஸ்டாட்டில் கண்டித்தார். அடிமை முறையை நியாயப்படுத்தியவரும் அவரே. அவருக்கே பொறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதையெல்லாம் கொச்சிக்கு வந்து ஏன் சொல்ல வேண்டும்? இந்த மண்ணுக்கு இது அந்நியமான கதை அல்ல. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கடற்கரையில் இருந்த போர்ச்சுகீசியர் துவார்த்தே பார்போசா, நாயர் சிறுவர்கள் ஏழு வயதில் பயிற்சிக் கூடத்துக்கு அனுப்பப்படுவதை எழுதியிருக்கிறார். ஏழு வயது! பணிக்கர் என்னும் ஆசானிடம் உடல் வளையப் பயில்வது, பிறகு ஆயுதம். அதுவே களரி. தந்தை தறவாட்டில் இருப்பதில்லை. தாய்மாமன் அதிகாரத்தில் பிள்ளை வளர்வான். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. களரிச் சிறுவன் மாலையில் தாயிடம் திரும்பினான். எழுத்துப் பள்ளியில் எழுத்தும் கற்றான். பெண்களும் பயின்றார்கள் என்று வடக்கன் பாட்டின் உண்ணியார்ச்சை கதை சொல்கிறது. இருந்தாலும் அடித்தளம் ஒன்றுதான். அந்த வாள் வீரனும் உழவில்லை. உழுதவர்கள் புலையர்களும் செறுமர்களும். வழியில் நாயர் வருகிறார் என்றால் கூவி விலகச் சொல்வதையும், விலகாத ஒடுக்கப்பட்டவனை வெட்டினால் கேள்வி இல்லை என்பதையும் அக்காலப் பயணிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். கிரிப்டியாவுக்கு இரவு தேவைப்பட்டது. இங்கே பகலிலேயே முடிந்தது.

இப்படி வளர்க்கப்பட்ட பிள்ளை எங்கே போய் முடிந்தான்? பாரதப்புழையின் கரையில் திருநாவாயில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாமாங்கம் நடக்கும். அதன் தலைமையைச் சாமூதிரி பறித்துக்கொண்ட பிறகு, வள்ளுவநாட்டு அரசர் ஒவ்வொரு மாமாங்கத்துக்கும் சாவேர்களை அனுப்பினார். சாவதற்கென்றே நேர்ந்துகொண்டவர்கள். ஆயிரக்கணக்கான காவலர்களை வெட்டிக்கொண்டு சாமூதிரியை எட்ட வேண்டும். எட்ட முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். 1695-இல் நடந்ததை அலெக்ஸாண்டர் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து மாலுமி எழுதியிருக்கிறார். அந்த முறை வந்தவர்கள் மூன்றே பேர். அவர்களில் ஒருவரோடு அவருடைய மருமகன் வந்திருந்தான். வயது பதினைந்தோ பதினாறோ. மாமன் விழுந்ததைப் பார்த்த சிறுவன் காவலர்களுக்கு இடையே புகுந்து சாமூதிரியின் கூடாரத்துக்குள்ளேயே போய்விட்டான். தலையைக் குறிவைத்து வாளை வீசினான். மேலே தொங்கிய பெரிய பித்தளை விளக்கு குறுக்கே வந்து வீச்சைத் தடுத்தது. இரண்டாம் முறை வீசுவதற்குள் வெட்டப்பட்டான்.

இரண்டு அரசர்களில் யார் மேடையில் நிற்பது என்ற வழக்குக்கு ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை. அவன் அஞ்சவில்லை என்பதை நான் நம்புகிறேன், அஞ்சாதபடி வளர்த்திருந்தார்கள். வடக்கன் பாட்டின் ஆரோமல் சேகவர் கதையும் இதுதான். உண்ணிக்கோனாருக்கும் உண்ணிச்சந்திரோருக்கும் மூப்புரிமைச் சண்டை. அவர்களுக்குப் பதிலாக வாளெடுத்துச் சாவது தீயர் குலத்துச் சேகவன். சண்டை யாருடையதோ, களரியில் வளர்ந்த உடல் இன்னொருவருடையது.

அதே காலத்து வயல்களில் பிறந்த பிள்ளைகள்? மலபாரை ஆங்கிலேயர் பிடித்த பிறகு, 1800-இல் இப்பகுதியைச் சுற்றிப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன் அடிமை வணிகத்தின் விதிகளைக் குறித்து வைத்தார். கணவனையும் மனைவியையும் பிரித்து விற்கக் கூடாது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விற்கலாம். கொச்சி அரசில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1850-களின் நடுவில்தான். ஸ்பார்ட்டாவில் ஏழு வயதுப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்தது ஆள்வதற்கு. இங்கே பிரித்தது விற்பதற்கு.

நாம் தமிழர்கள், நம்மையும் விட்டுவிடக் கூடாது. புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியாரின் பாட்டைப் பள்ளியில் படித்துக் கைதட்டியிருக்கிறோம். தந்தையும் கணவனும் களத்தில் மாண்ட பின்பும், தன் ஒரே மகனின் தலையில் எண்ணெய் தடவி, வேலைக் கையில் கொடுத்து அனுப்பும் தாய். பொன்முடியாரின் பாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை வகுக்கப்படுகிறது. தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று, வேந்தனுக்கு ஒன்று. வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனின் கடமை. கொல்லனின் மகன் என்ன ஆனான் என்பது அந்தப் பாட்டுக்குள் வராது. உயர்ந்த கவிதைதான், மறுக்கவில்லை. ஆனால் கவிதையை வாழ்க்கை நெறியாக எடுத்துக்கொள்ளும்போது என்ன நேரும் என்பதற்கு நம் காலமே சாட்சி. ஈழத்தில் பேரினவாத அரசின் ஒடுக்குமுறை உண்மை. அதை எதிர்த்த போரில் பள்ளி வயதுப் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டார்கள் என்பதும் உண்மை. அத்தாய்மார்களின் துயரத்துக்கு முன் எந்த வீரப் பாட்டும் நிற்காது.

ஸ்பார்ட்டாவை நவீன காலத்தில் தூக்கிப் பிடித்தவர்கள் யார் என்று பார்த்தால் அதன் வர்க்கக் குணம் இன்னும் தெளிவாகும். ஹிட்லர் ஸ்பார்ட்டாவை இனத் தூய்மை அரசின் முன்மாதிரியாகப் புகழ்ந்தார். 1943 ஜனவரியில் ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை சிக்கி அழிந்துகொண்டிருந்தபோது, கோயரிங் வானொலியில் தெர்மோப்பிலே வீரர்களைத்தான் நினைவூட்டினார். சரணடையாமல் சாகுங்கள் என்று அதற்குப் பொருள். இத்தாலியில் முசோலினி 1926-இல் பலில்லா என்ற சிறுவர் அமைப்பைத் தொடங்கினார். இந்து மகாசபைத் தலைவர் பி.எஸ்.மூஞ்சே 1931 மார்ச்சில் ரோமுக்குச் சென்று அந்த அமைப்பை நேரில் பார்த்தார். முசோலினியைச் சந்தித்துப் பாராட்டினார். ஊர் திரும்பியவர் நாசிக்கில் தொடங்கிய போன்ஸ்லா ராணுவப் பள்ளி 1937 முதல் நடக்கிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வகுப்புக்கு முன் ஒரு தோழர் என்னிடம் கேட்டார்: “பையன் ஊரில் சொல்பேச்சுக் கேட்பதில்லை. கண்டெய்னர் லாரியில் வாரம் முழுதும் நான் சாலையில் இருக்கிறேன். ராணுவப் பள்ளி என்று புதிதாக வருகிறதாமே, கண்டிப்பாக வளர்ப்பார்களாம், சேர்க்கலாமா தோழர்?” இது நியாயமான கவலை. தமிழ்நாட்டில் நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளை மக்களே ‘பிராய்லர் பள்ளி’ என்று பெயரிட்டு அழைத்துக்கொண்டே, கடன் வாங்கி அங்கே பிள்ளையைச் சேர்க்கிறார்கள். நம்மைப் போல் என் பிள்ளை சுமை தூக்கக் கூடாது என்ற தவிப்புதான் அதற்குள் இருக்கிறது. அதை ஏளனம் செய்ய நமக்கு உரிமையில்லை.

ஆனால் விவரம் தெரிந்து முடிவெடுக்க வேண்டும். அமராவதி நகரிலும் கழக்கூட்டத்திலும் 1962 முதல் நடக்கும் சைனிக் பள்ளிகள் அரசுப் பணத்தில் நடப்பவை. ஒன்றிய அரசு 2021 அக்டோபரில் எடுத்த முடிவு வேறு: தனியாரோடும் அறக்கட்டளைகளோடும் கூட்டுச் சேர்ந்து 100 புதிய சைனிக் பள்ளிகள். அப்படிக் கையெழுத்தான 40 ஒப்பந்தங்களில் குறைந்தது 62 சதவீதம் சங்கப் பரிவாரத்தோடும் பா.ஜ.க. பிரமுகர்களோடும் அவர்களது கூட்டாளிகளோடும் தொடர்புள்ளவர்களுக்குப் போயிருப்பதை ‘ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ்’ 2024-இல் வெளிப்படுத்தியது. சீருடை ஒன்றுதான், பள்ளியை நடத்துபவர் மாறிவிட்டார். பதினேழரை வயதில் அதே பிள்ளைக்கு அக்னிபத் காத்திருக்கிறது. நான்கு ஆண்டுப் பணி. அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்கு மட்டுமே தொடர்ச்சி. மற்றவர்கள் ஓய்வூதியமின்றி வீட்டுக்கு. ஸ்பார்ட்டாவின் வீரனுக்காவது விளைநிலத்தில் பங்கு இருந்தது.

பசியை ஆசிரியராக வைத்துக் கற்பிப்பதை இந்தத் துறைமுகம் நன்றாக அறியும். மட்டாஞ்சேரியில் ‘சாப்பா’ முறை இருந்ததை மூத்த தோழர்கள் சொல்வார்கள். ஒப்பந்தக்காரர்கள் உலோக வில்லைகளைத் தொழிலாளர் கூட்டத்துக்குள் வீசுவார்கள். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்று வேலை; மற்றவன் வீட்டில் அடுப்பு எரியாது. 1953 செப்டம்பர் 15 அன்று அந்த முறையை எதிர்த்து நின்றவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. சைது, சைதலவி, அந்தோணி என்ற தோழர்கள் உயிர் கொடுத்தார்கள். அரைவயிற்றோடு அடுத்தவனை முந்தப் பழகும் பயிற்சி ஸ்பார்ட்டாச் சிறுவனுக்கு ஒருநாள் முடிந்து அதிகாரம் கிடைத்தது. சாப்பாவுக்குக் கை நீட்டியவனுக்கு முடியவே இல்லை, அவர்கள் சேர்ந்து நின்று முடித்து வைக்கும்வரை.

பிள்ளையை வேறு விதமாக வளர்க்க முடியுமா என்ற கேள்விக்கு வெகுதூரம் போக வேண்டாம். இங்கிருந்து கோஸ்ரீ பாலத்தில் ஏறினால் அடுத்த தீவு முளவுகாடு. 1913-இல் இந்தக் காயலில் ஒரு கூட்டம் நடந்தது. புலையர் கூடிப் பேசுவதற்குக் கரையில் எவரும் இடம் தரவில்லை. வள்ளங்களை ஒன்றோடொன்று கட்டி, மேலே பலகை பரப்பி, தண்ணீரின் மேல் கூடினார்கள். சேராநல்லூரில் பிறந்த பண்டிட் கருப்பன் அதற்குத் துணை நின்றார், கே.பி.வள்ளோன், கிருஷ்ணாதி ஆசான் போன்றோர் முன்னின்றார்கள். எறணாகுளத்தில் நடந்த வேளாண் கண்காட்சியில் அவர்கள் விளைவித்த பொருள்களை வைத்திருந்தார்கள். விளைவித்தவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. அதைத் திவானிடம் எடுத்துச் சொல்லி அவர்களை உள்ளே அழைத்து வந்தவரும் கருப்பன்தான். தெற்கே திருவிதாங்கூரில் அய்யன்காளி, எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்காதவரை உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று வேலைநிறுத்தமே நடத்திக் காட்டினார். கூலிக்கு முன் பள்ளிக்கூடத்தைக் கேட்டு விவசாயத் தொழிலாளர் நடத்திய போராட்டம் அது. பஞ்சமி என்ற சிறுமியை அவர் ஊருட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது, ஆதிக்க சாதியினர் அந்தப் பள்ளியையே எரித்தார்கள்.

வல்லார்பாடத்து மாதா கோயிலில் குழந்தையை ‘அடிமை’ வைக்கும் நேர்ச்சை இருப்பது உங்களுக்குத் தெரியும். 1752-இல் புயலில் வள்ளம் கவிழ்ந்து, கைக்குழந்தையோடு உயிர் தப்பிய மீனாட்சியம்மா என்ற நாயர் பெண்ணின் கதையிலிருந்து அது வந்ததாகச் சொல்கிறார்கள். காயலில் பிழைக்கும் தாயின் அச்சம் அது. பிள்ளை பிழைக்க வேண்டும் என்ற வேண்டுதல். பிள்ளை சாக வேண்டும் என்று நேர்ந்துகொண்ட சாவேர் குடும்பங்களை நினைத்துவிட்டு இதைப் பார்க்கும்போது, மத நம்பிக்கை இல்லாத எனக்கும் அந்தத் தாயின் பக்கம்தான் மனம் சாய்கிறது.

காயலில் வள்ளங்கள் கட்டப்பட்ட காலத்தில் முளவுகாட்டில் ஒரு வயதுகூட நிரம்பாத பெண்குழந்தை ஒன்று இருந்தது. 1912 ஜூலையில் புலையர் குடும்பத்தில் பிறந்த தாட்சாயணி. சாதி குறித்துத் தந்திருந்த பெயர்களில் ஒன்றை வைக்காமல் பெற்றோர் அந்தப் பெயரை வைத்தார்கள். மேலாடை அணிவித்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள். எறணாகுளம் மகாராஜா கல்லூரியில் அவர் வேதியியல் படித்தபோது, சோதனைக் கருவிகளைத் தொட விடவில்லை. தள்ளி நின்று பார்த்தே கற்றார். 1935-இல் பட்டம் பெற்றார். நாட்டின் முதல் தலித் பெண் பட்டதாரி அவரே. 1946-இல் சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குச் சென்றார். அச்சபையில் இருந்த ஒரே தலித் பெண். 1948 நவம்பர் 29 அன்று தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, முளவுகாட்டில் வளர்ந்த அந்தப் பெண் எழுந்து பேசினார்.